நுனி பிரியாத சணல், பிசிறாத ரிப்பன்: என் அனுபவம்

பொங்கலுக்கு வாசலில் மாட்ட, சணல் கயிற்றில் மரமணி கோர்த்து, நடுநடுவே ரிப்பன் பூ வைத்துத் தோரணம் செய்தேன். இதில் பெரிய தொல்லை, கயிற்றின் நுனி பிரிந்துகொண்டே இருப்பதுதான். எச்சில் தொட்டு முறுக்கினாலும் இரண்டு மணி கோர்ப்பதற்குள் மறுபடி விரிந்துவிடும். கைகொடுத்தது ஃபெவிகால். நுனியில் ஓர் அங்குல நீளத்துக்குத் தடவி, இறுக்கி முறுக்கி, நன்றாகக் காயவிட்டேன். விறைத்ததும் சாய்வாக வெட்டினால் கயிறே ஊசியாகிவிடுகிறது; மணிகள் சரசரவென்று ஏறுகின்றன. ஈரத்தோடு வெட்டினால் பிசிறுதான் மிஞ்சும்.

அப்புறம் சாட்டின் ரிப்பன். கடையில் கிடைப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர், சூட்டில் உருகும். வெட்டிய ஓரத்தை மெழுகுவத்திச் சுடரின் பக்கவாட்டில், தீயில் படாமல் ஒரு நொடி காட்டி எடுத்தால் நூல்கள் உருகி ஒட்டிக்கொள்ளும். சுடருக்கு மேலே பிடித்தால் கரி படியும், வெள்ளை ரிப்பன் என்றால் பாழ். பருத்தி ரிப்பனுக்கு இந்த வழி ஆகாது, எரிந்துவிடும்; அதற்கு நிறமில்லாத நெயில் பாலிஷை ஓரத்தில் மெல்லிசாகத் தடவுகிறேன். மணி கோர்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் தாராளமாகக் கொடுக்கலாம். மெழுகுவத்தி வேலையை மட்டும் பெரியவர்களே செய்யுங்கள்.