பூச்சியாக மாறும் ரோபோ பொம்மை: மதிப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

ரோபோவிலிருந்து வேறொரு வடிவத்துக்கு மாறும் ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளில், காராக மாறுவதை எடைபோடுவது சுலபம். நான்கு சக்கரமும் தரையைத் தொடுகிறதா, உருளுகிறதா, மேல்தகடுகள் இடைவெளியில்லாமல் பொருந்துகின்றனவா என்று பார்த்தால் போதும். காரின் உடம்பு ஒரு கூடு. ரோபோவின் கை, கால், தலையை மடித்து உள்ளே திணித்து மூடிவிடலாம். பூச்சிக்கு அந்த வசதி இல்லை. மெலிந்த உடல், ஆறு கால், உணர்கொம்பு, சிறகு என்று எல்லாமே வெளியில்தான். ஆனாலும் நம்மில் பலர் காருக்கு வைத்திருக்கும் அளவுகோலைத்தான் இதற்கும் நீட்டுகிறோம்.

முதல் சறுக்கல், ரோபோ வடிவத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்வது. பெட்டியிலும் விளம்பரத்திலும் பெரிதாக நிற்பது ரோபோதான். விமர்சன வீடியோக்களிலும் பத்து நிமிடம் ரோபோவுக்குப் போகும், கடைசியில் 'பூச்சி மோட் சுமார்' என்று ஒரு வரி. நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். வாங்கியதும் பூச்சியாக மாற்றி, மேசையில் வைத்து, கண் மட்டத்தில் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். கால்களில் நிற்கிறதா, இல்லை வயிறு தரையில் பதிந்திருக்க, கால்கள் சும்மா பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா? வயிற்றுக்கு அடியில் ரோபோவின் தொடையும் முழங்கையும் மூட்டையாகத் தொங்குகின்றனவா? மேலிருந்து எடுத்த படத்தில் இவை எதுவும் தெரியாது. கடைக்காரர்கள் மேலிருந்தே படம் எடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

கால் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆறு கால் இருந்தால் சரி, இல்லையென்றால் தோல்வி என்று எண்ணிக்கையில் முடித்துவிடுவது இரண்டாவது தவறு. உயிருள்ள பூச்சிக்கு ஆறு காலும் மார்புப் பகுதியிலிருந்துதான் கிளம்பும், வயிற்றுப் பகுதியில் கால் இருக்காது. எண்ணிக்கை சரியாக இருந்தும் கால்கள் உடம்பு நெடுக மரவட்டை மாதிரி பரவியிருந்தால் பார்வைக்கு எங்கோ இடிக்கும். ஏன் இடிக்கிறது என்று பலருக்குச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். மறுபக்கம், ரோபோவின் கைகளே பூச்சியின் முன்கால்களாக மாறுவதை 'ஏமாற்று வேலை' என்பவர்களும் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. தனியாக ஆறு கால் செய்து ஒட்டினால், ரோபோவாக மாறும்போது அந்த ஆறும் முதுகில் ஈர்க்குச்சிக் கட்டு மாதிரி தொங்கும். ரசிகர்கள் 'கிப்பிள்' என்று சொல்வது இதைத்தான். கை காலாவதும், கொம்பு ஆயுதமாவதும்தான் வடிவமைப்பாளரின் திறமை. 1985இல் வந்த இன்செக்டிகான்கள் என்ற பூச்சி ரோபோ அணியைப் பாருங்கள். காண்டாமிருக வண்டான பாம்ப்ஷெல்லின் கொம்பு, ரோபோவில் தலைக்கு மேல் பீரங்கியாக நிற்கும். தாடை வண்டான ஷ்ராப்னலின் பெரிய தாடைகள் தலையின் இருபுறமும் ஆன்டெனாவாக எழும். ஒரே பாகத்துக்கு இரண்டு வேலை.

சிலந்தியும் தேளும் பூச்சியினமே அல்ல, அவற்றுக்கு எட்டுக் கால். பீஸ்ட் வார்ஸ் தொடரின் சிலந்தி ரோபோவான டரான்டுலாஸை 'இரண்டு கால் கூட' என்று குறை சொல்லாதீர்கள்.

மூன்றாவது, கார்ட்டூனை வைத்துப் பொம்மையைத் திட்டுவது. இன்செக்டிகான்கள் கார்ட்டூனுக்காகப் பிறந்தவை அல்ல. ஜப்பானின் டக்காரா நிறுவனம் டயாக்ளோன் வரிசையில் செய்த பூச்சி ரோபோக்களை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் எடுத்துப் புதுப் பெயர் சூட்டியது. அவற்றின் மஞ்சள் கண்ணாடி அறை, டயாக்ளோனின் குட்டி ஓட்டுநர் உட்காருவதற்காக வைத்தது. ஜப்பானியப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் காண்டாமிருக வண்டையும் தாடை வண்டையும் பிடித்து வளர்ப்பவர்கள். நம் ஊரில் அதே குடும்பத்து வண்டு தென்னங்குருத்தைத் துளைக்கும் எதிரி, அங்கே அது நாயகன். அந்த ஆசையில்தான் இந்தப் பொம்மைகளே உருவாயின. அதே 1985இல் வெனம் என்ற சில்வண்டு உட்பட நான்கு 'டீலக்ஸ் இன்செக்டிகான்'களும் வந்தன. அவை டக்காராவின் போட்டியாளரான டக்கடோக்கு நிறுவனத்தின் பீட்ராஸ் வரிசை அச்சுகள், அமெரிக்கக் கார்ட்டூனில் தலைகாட்டவே இல்லை. இவற்றை 'கார்ட்டூனில் உள்ளது போல் இல்லையே' என்று மதிப்பிடுவதில் அர்த்தமே இல்லை. 2022இல் லெகஸி வரிசையில் வந்த கிக்பேக் என்ற வெட்டுக்கிளி இன்செக்டிகான் வேறு கதை. அது கார்ட்டூன் உருவத்தை மனதில் வைத்தே செய்தது, அதை அந்தக் கண்ணால் பார்ப்பது நியாயம். பொம்மை எந்த வம்சம் என்று தெரிந்துகொண்டு பிறகு குறை சொல்லலாம்.

அடுத்தது மூட்டுகள். இங்கேதான் காசு வீணாகிறது. பெட்டியைத் திறந்ததும் ஒரு கால் தொளதொள என்று ஆடினால் 'குவாலிட்டி மோசம்' என்று கத்துகிறோம். அதே பொம்மையின் சிறகு மூட்டு இறுக்கமாக, கிறீச்சென்று திரும்பினால் 'செம ஸ்ட்ராங்' என்று மெச்சுகிறோம். உண்மையில் பயப்பட வேண்டியது இரண்டாவதற்குத்தான். பால் ஜாயிண்ட் எனப்படும் உருண்டை மூட்டு தளர்ந்தால் கழற்றி, உருண்டையில் நிறமற்ற நகப்பூச்சை மெல்லியதாகத் தடவி, நன்றாகக் காயவிட்டு மாட்டினால் இறுகிவிடும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் உலோக ஊசி இறுக்கமாக அடித்த மூட்டு விரிசல் விட்டால் வைத்தியமே கிடையாது. பூச்சி பொம்மைகளில் சிறகுகள் பெரும்பாலும் இந்த ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்தான், மாற்றும் ஒவ்வொரு முறையும் அதிகம் அசைவதும் அவைதான். மூட்டைச் சுற்றி வெள்ளையாக மயிரிழைக் கோடு தெரிந்தால் அதோடு நிறுத்துங்கள். இறுக்கத்தைப் போக்கத் துருநீக்கி ஸ்ப்ரே அடிப்பது அடுத்த பிழை. பெட்ரோலிய எண்ணெய் கலந்தவை கண்ணாடிப் பிளாஸ்டிக்கை விரிசல் விடச் செய்யக்கூடியவை. சிலிகான் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

பழைய பொம்மை வாங்குபவர்கள் பளபளப்பில் மயங்குவது தனி ரகம். 1980களின் கடைசியிலும் 90களிலும் பொன்னிறத் துகள் கலந்து வார்த்த தங்கநிறப் பிளாஸ்டிக், ஆண்டுகள் போகப்போகத் தானாகவே நொறுங்கும். பெட்டியிலேயே இருந்தாலும் தப்பாது. 1988இல் ஜப்பானில் வந்த பிளாக் ஸராக் என்ற தேள் ரோபோ இதற்குப் பேர்போனது. 'மிண்ட் கண்டிஷன், ஒருமுறைகூட மாற்றவில்லை' என்று விற்பவர் சொன்னால் நான் மகிழமாட்டேன், மாற்றினால் உடையும் என்பதால்தான் மாற்றவில்லையோ என்று கேட்பேன். 1985 இன்செக்டிகான்களில் அந்தத் தங்கப் பிரச்சினை பெரிதல்ல. அங்கே பார்க்க வேண்டியது குரோம் பூச்சின் உரிவு, ஸ்டிக்கரின் ஓரம், விரல் சூட்டில் சின்னம் தெரியும் அந்தச் சதுர ஒட்டி. போலிகளைக் கண்டுபிடிக்க அந்த ஆண்டில்தான் அதை அறிமுகப்படுத்தினார்கள்.

மாற்றும் படிகளின் எண்ணிக்கையைத் தரமாக நினைப்பதும் பரவலாக இருக்கிறது. முப்பது படி இருந்தால் உயர்ந்தது என்று எவரும் விதி எழுதவில்லை. ஐந்தாவது முறை கையேட்டைப் பார்க்காமல் மாற்ற முடிகிறதா, ஒவ்வொரு பாகமும் கடைசியில் 'டக்' என்று பூட்டிக்கொள்கிறதா என்பது எனக்கு முக்கியம்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. டீலக்ஸ் வகுப்பு என்றால் சுமார் 14 செ.மீ., வாயேஜர் என்றால் சுமார் 17.5 செ.மீ. இவை ரோபோ நிற்கும் உயரம். பூச்சியானதும் உயரம் குறைந்துவிடும், கால் விரிப்பால் அகலம் கூடும். அலமாரித் தட்டில் இடம் கணக்கிடும்போது இதை மறந்துவிடுகிறோம். அதிலும் இன்செக்டிகான்கள் கார்ட்டூனில் தங்களைத் தாங்களே பிரதியெடுத்துப் படை திரட்டுபவை என்பதால், ஒரே பொம்மையை மூன்று நான்கு வாங்கி வரிசையாக நிறுத்துவது ரசிகர்களின் வழக்கம். தள்ளுபடியைப் பார்த்து மொத்தமாக ஆர்டர் போடாதீர்கள். ஒன்றை வாங்கி ஒரு மாதம் முன்னும் பின்னும் மாற்றிப் பாருங்கள். சிறகு மூட்டில் அந்த வெள்ளைக் கோடு வரவில்லையென்றால் மற்றவற்றுக்குப் பணம் கட்டலாம்.