"தரிசு" என்று எழுதிய நிலத்தில் உயிர் இருக்கிறது: ஆட்சேபணை எழுதுவது எப்படி?

ஜேசிபி வந்து நிற்கும்போதுதான் நமக்குப் பதறுகிறது. அந்த நிலத்தின் தலையெழுத்தோ பல மாதம் முன்பே, ஊர் எப்படி வளரவேண்டும் என்று அரசு போடும் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைபடத்தில் அதற்குக் குடியிருப்பு என்றோ தொழிற்சாலை என்றோ நிறம் பூசியபோதே எழுதியாகிவிட்டது. அதனால் நாம் பிடிக்கவேண்டிய இடம் அந்த வரைபடம்தான்.

முதல் வேலை, புல எண்ணை (சர்வே நம்பர்) கண்டுபிடிப்பது. "ஏரிக்குத் தெற்கே இருக்கும் முள்காட்டைக் காப்பாற்றுங்கள்" என்று மனு எழுதினால் அதை வைத்து எந்த அதிகாரியும் எதுவும் செய்ய முடியாது. தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமத்தோடு அந்தப் புல எண்ணையும் கொடுத்தால், நிலத்தின் வகையைச் சொல்லும் 'அ' பதிவேட்டு விவரமும் புலப்படமும் கிடைக்கும். அதில் அந்த நிலம் ஓடைப் புறம்போக்கா, மேய்க்காலா (மேய்ச்சல் நிலமா), தீர்வை ஏற்படாத, அதாவது வரி விதிக்காத தரிசா என்று பாருங்கள். 'தரிசு' என்ற சொல்தான் எனக்கு வயிற்றெரிச்சல். வரி வசூலுக்காக வைத்த பெயர் அது, அங்கே என்ன வாழ்கிறது என்று பார்த்து வைத்ததில்லை. நரியும் முயலும் கௌதாரியும் அந்தத் தரிசில்தான் குடும்பம் நடத்துகின்றன.

இரண்டாவது, பருவம். நிலத்தைப் பார்வையிட வரும் அதிகாரிகள் பெரும்பாலும் கோடையில் வருவார்கள். எங்கள் ஊருக்கு வந்தவர் சுற்றிலும் பார்த்துவிட்டு "வெறும் பொட்டல்தானே" என்றார். அவர் நின்ற இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் ஆட்காட்டிப் பறவை கத்திக்கொண்டே வட்டமடித்தது. குனிந்து பார்த்தால் சரளைக் கற்களுக்கு நடுவே நான்கு முட்டை, கல்லோடு கல்லாக, மண் நிறத்தில் கரும்புள்ளி போட்டு, காலை வைத்தாலும் தெரியாது. அதே இடம் ஐப்பசி மழைக்குப் பிறகு முழங்கால் தண்ணீரில் கிடக்கும், உள்ளானும் நாரையும் வந்து இறங்கும். ஆகவே கோடையில் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை, தேதியோடும் இருப்பிடக் குறிப்போடும் படம் எடுத்து வையுங்கள். பறவைகளை இ-பேர்டு (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்துவிட்டால் அது பொதுவில் நிற்கும் ஆதாரம். ஆடு மேய்ப்பவர்களிடம் கேளுங்கள், எந்தப் புதரில் எது குட்டி போடும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஒன்றில் மட்டும் கவனம்: கூடு இருக்கும் இடத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள்.

சரி, மனு. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன்படி முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியானதும் பொதுமக்கள் ஆட்சேபணை சொல்லக் குறைந்தது 2 மாதம் அவகாசம் உண்டு. தனி ஒரு நிலத்தின் பயன்பாட்டை மாற்றக் கேட்டால் நாளிதழில் சின்ன எழுத்தில் விளம்பரம் வரும், அதிலேயே கடைசித் தேதி இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதவேண்டாம். புல எண், இப்போதைய வகைப்பாடு, அங்கே வாழ்பவை, தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது, நீங்கள் கேட்பது என்ன, இவ்வளவு போதும். கடைசியாகச் சொன்னதில்தான் பலர் கோட்டைவிடுகிறோம். "அழிக்காதீர்கள்" என்று மட்டும் முடிக்காமல், "இந்தப் புல எண்களைக் குடியிருப்பிலிருந்து நீக்கி நீர்நிலை அல்லது வேளாண்மை வகையில் வையுங்கள்" என்று கேளுங்கள். முழுதாக மறுக்க வழியில்லாத மனைப்பிரிவு என்றால், பொதுப் பயன்பாட்டுக்கு விடவேண்டிய திறந்தவெளியை ஓடைக்கரையை ஒட்டி ஒதுக்கச் சொல்லுங்கள், தெருவிளக்கை ஓடைப்பக்கம் திருப்பவேண்டாம் என்றும் எழுதுங்கள். மேய்ச்சல் நிலம், குளம் போன்ற ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கச் சொல்லி 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நிலம் புறம்போக்காக இருந்தால் அதையும் ஒரு வரி சேருங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் வராதீர்கள்.

அப்புறம் கிராம சபை. ஆண்டுக்கு 6 நாள் கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கூடுவது இந்த விஷயத்துக்கு ரொம்பப் பொருத்தம். தீர்மானத்துக்கு என்ன பலம் என்று கேட்பவர்களுக்கு மதுரை அரிட்டாபட்டியைச் சொல்லலாம். 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்த ஊரையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது, மேலூர் வட்டாரக் கிராம சபைகள் வரிசையாக எதிர்த்துத் தீர்மானம் போட்டன, சட்டமன்றமும் போட்டது, மக்கள் மதுரைக்கே திரண்டு வந்தார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அங்கே ராஜாளிகள் இருப்பதும் எத்தனை பறவை வகை என்பதும் முன்கூட்டியே பதிவாகி இருந்தது பெரிய துணை. உங்கள் ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கிறதா, ஊரில் வாழும் செடிகொடி, உயிரினங்களைக் குறித்து வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் உங்கள் முள்காடு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி அதே சபையில் தீர்மானம் வையுங்கள்.

பதில் வரவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் தரவேண்டும். உங்கள் ஆட்சேபணை மீது எடுத்த முடிவின் நகலைக் கேளுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கலாம். முத்திரை வாங்கிய அந்த நகல்களும் தேதி போட்ட படங்களும் வக்கீல் முதலில் கேட்கப்போகிறவை, ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.