நாகை கடலுக்கு மேல் எவ்வளவு நீராவி? நீங்களே பார்க்கலாம்

ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டு உப்பு ஜாடி கசியத் தொடங்கும். மழை வரப்போகிறது என்பார்கள். ஆனால் உப்புக்குத் தெரிவது அடுப்படிக் காற்றின் ஈரம் மட்டும்தான். தலைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரம்வரை மொத்தம் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோளின் நுண்ணலை உணரி சொல்லும்.

இந்தக் கருவி எதையும் அனுப்புவதில்லை. கீழிருந்து தானாக வரும் மெல்லிய நுண்ணலைகளை வாங்கிக்கொள்கிறது. நீராவி 22.235 கிகாஹெர்ட்ஸ் அருகே அவற்றை உறிஞ்சும், தானும் உமிழும். கடல் குறைவாக உமிழ்வதால் குளிர்ந்த பின்னணியாகத் தெரியும். மேலே உள்ள நீராவி பளிச்சென்று எடுபடும். நிலம் அதிகம் உமிழும். அதிலும் நம் வயலில் இன்று தண்ணீர் நிற்கும், அடுத்த மாதம் பயிர் மூடிவிடும். பின்னணி நிலையாகவே இருக்காது. அதனால் தஞ்சாவூரைத் தேடாதீர்கள், கடலைப் பாருங்கள்.

சரி, தரவுக்கு வருவோம். 2012இல் ஜப்பான் அனுப்பிய ஜிகாம்-டபிள்யூ செயற்கைக்கோளில் ஆம்சர்-2 கருவி இருக்கிறது. ரிமோட் சென்சிங் சிஸ்டம்ஸ் நிறுவனம் அதன் அளவுகளை 0.25 டிகிரிக் கட்டங்களாகத் தினமும் தருகிறது.

அப்புறம் இடம். வடக்கு 10.875, கிழக்கு 81.125 டிகிரியை எடுங்கள். நாகையிலிருந்து ஏறத்தாழ 140 கி.மீ. கிழக்கே. கரையை ஒட்டி எடுத்தால் நிலத்தின் உமிழ்வும் கலந்துவிடும். கிரீன்விச்சிலிருந்து கிழக்காக எண்ணினால் 325ஆவது கட்டம், தென்துருவத்திலிருந்து எண்ணினால் 404ஆவது.

பழைய பைட் கோப்பாக (ஒவ்வொரு கட்டத்துக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் மட்டும் உள்ள கோப்பு) இருந்தால் அங்குள்ள எண்ணை 0.3ஆல் பெருக்குங்கள். 180 என்றிருந்தால் 54 மி.மீ. மேலுள்ள நீராவி முழுவதும் தண்ணீரானால் அந்த உயரத்துக்கு நிற்கும். அதாவது ஒரு மா நிலத்தின், 33 சென்ட்டின், பரப்புக்கு மேலே சுமார் 72 ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஆவியாக நிற்கிறது! நெட்சிடிஎஃப் (விவரங்களையும் சேர்த்தே வைத்திருக்கும் புதிய வகைக் கோப்பு) என்றால் பெருக்க வேண்டிய எண் கோப்புக்குள்ளேயே இருக்கும்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பைட் கோப்பில் 250க்கு மேற்பட்ட எதுவும் அளவு அல்ல. 255 நிலம், 254 அன்று செயற்கைக்கோள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, 251 கனமழை. அவற்றைப் பெருக்கிவிடாதீர்கள்.

நிலத்துக்கு மேல் அளக்க 183.31 கிகாஹெர்ட்ஸ் உதவும். அங்கே உறிஞ்சல் மிகப் பலமாக இருப்பதால் தரை பெரும்பாலும் மறைந்துவிடும். 2011இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இந்திய-பிரெஞ்சு மேகா-டிராபிக்ஸின் சஃபிர் கருவி இந்த அலைவரிசையைச் சுற்றி 6 தடங்களில் அளந்தது.

கடைசியாக ஒப்பிடுங்கள். காரைக்காலில் வானிலைத் துறை பலூன் விடுகிறது. காலை 5.30 மணிப் பதிவில் மொத்த நீராவி மி.மீ.யிலேயே கிடைக்கும். உங்கள் கடல் எண்ணை அதன் பக்கத்தில் எழுதி, ஐப்பசி முழுக்க தொடருங்கள்.