ஒரு கைப்பிடி ஓமம், இரண்டு நீர்: வீட்டிலேயே ஓமத் தீநீர் வடிக்கலாம்

சித்த மருத்துவம் உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துகளை 32 வகையாகப் பிரிக்கிறது. அவற்றில் குடிநீர் ஒன்று, தீநீர் இன்னொன்று. கொதிக்கவைத்து வடிகட்டினால் குடிநீர். கொதிக்கும்போது எழும் ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் தீநீர். பெட்டிக்கடையில் வாங்கும் ஓம வாட்டர் இந்தத் தீநீர் வகைதான். அதை வடிக்க வாலை என்ற தனிப் பாத்திரம் உண்டு. நமக்கு ஒரு பானையும் ஒரு வாணலியும் போதும்.

தேவையானவை: ஓமம் 50 கிராம், தண்ணீர் 1 லிட்டர், 5 லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் பானை, அதன் வாயில் சரியாக உட்காரும் அடி குவிந்த எவர்சில்வர் வாணலி, உள்ளே வைக்க உயரமான ஸ்டாண்டு, ஒரு கிண்ணம், இரண்டு மூன்று தட்டு ஐஸ் கட்டி.

1. ஓமத்தைத் தயார் செய்தல்

புடைத்து, கல் பொறுக்கி, உரலில் இட்டு ஒன்றிரண்டாக இடியுங்கள். வறுக்கவே கூடாது. முதல் முறை நான் வறுத்துவிட்டேன். வீடு முழுக்க மணந்தது, புட்டிக்குள் மணமே இல்லை. ஓமத்தின் மணம் விதைக்குள் இருக்கும் எண்ணெயில் இருக்கிறது. வறுக்கும்போது நம் மூக்குக்கு எட்டுவதெல்லாம் அந்த எண்ணெய் பறிபோவதுதான். முன்கூட்டியே இடித்து வைப்பதும் இதே காரணத்தால் வேண்டாம். இடித்த கையோடு தண்ணீரில் போட்டு, மூடி, இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள்.

2. பானையை அடுக்குதல்

ஊறிய ஓமத்தைத் தண்ணீரோடு பானையில் ஊற்றி, நடுவில் ஸ்டாண்டை வைத்து, அதன் மேல் கிண்ணத்தை வையுங்கள். கொதிக்கும் தண்ணீர் தெறித்துக் கிண்ணத்துக்குள் விழாத உயரம் வேண்டும். பானையின் வாயில் வாணலியை வையுங்கள். அதன் அடிப்பகுதி கிண்ணத்துக்கு நேர் மேலே வர வேண்டும். ஆவி அந்தக் குளிர்ந்த அடியில் பட்டு, நீராகி, குவிந்த இடத்துக்கு வழிந்து, சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழும்.

விளிம்பில் இடைவெளி இருந்தால் ஈரத்துணியைச் சுற்றுங்கள். முனை தொங்கித் தீயில் படாதபடி செருகிவிடுங்கள். மாவு பூசி இறுக அடைக்காதீர்கள். மிஞ்சும் ஆவி வெளியேற வழி வேண்டும்.

3. வடித்தல்

கொதி வந்ததும் தீயைக் குறைத்து, வாணலியில் ஐஸ் கட்டிகளைப் போடுங்கள். உருகிய தண்ணீரைக் கரண்டியால் மொண்டுவிட்டு, புதுக் கட்டி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வாணலி சூடானால் ஆவி நீராகாமல் பக்கவாட்டில் ஓடிவிடும். பொறுமை வேண்டிய இடம் இதுதான். தீயைக் கூட்டினால் சீக்கிரம் முடியாது, மணம்தான் வீணாகும்.

ஓமத்தின் காரத்துக்கும் மணத்துக்கும் முதல் காரணம், அதன் எண்ணெயில் இருக்கும் தைமால் என்ற பொருள். 1719-இல் காஸ்பர் நாய்மன் என்ற ஜெர்மானியர் தைம் என்ற செடியின் எண்ணெயிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு என்று விற்பதும் இதுவே. இதன் கொதிநிலை 230 டிகிரிக்கும் மேல். அப்படியானால் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீரோடு அது எப்படிக் கிளம்புகிறது? எண்ணெயும் தண்ணீரும் ஒன்றில் ஒன்று கரையாததால், இரண்டும் தனித்தனியே ஆவி விடுகின்றன. அந்த இரண்டு ஆவிகளின் அழுத்தமும் சேர்ந்து காற்றழுத்தத்தைத் தொட்டதும் கொதி வந்துவிடுகிறது. ஆக, எண்ணெய் தன் கொதிநிலைக்குப் போகாமலே நீராவியோடு சேர்ந்து வந்துவிடும்.

சுமார் 250 மில்லி சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். முதலில் வருவதில்தான் மணம் அதிகம். பிறகு வருவது வெறும் தண்ணீரை நோக்கிப் போகும். அடி வற்றிக் கருகினால் அந்த வாடையும் சேர்ந்து வந்துவிடும்.

4. எண்ணெயை நீக்குதல்

ஆறிய தீநீர் லேசாகக் கலங்கி, மேலே எண்ணெய்ப் பொட்டுகள் மிதக்கும். 50 கிராம் ஓமத்தில் எண்ணெய் 1 முதல் 2 கிராம் வரை இருக்கும். தைமாலோ ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் அளவில்தான் கரையும். மிஞ்சியதுதான் மேலே மிதக்கிறது. அதை அப்படியே குடித்தால் வாயும் தொண்டையும் எரியும். நனைத்த மெல்லிய துணியில் வடிகட்டி, கொதிநீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

பெரியவர்கள் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மேசைக்கரண்டி தீநீரை அரை டம்ளர் வெந்நீரில் கலந்து குடிக்கலாம். கைக்குழந்தைக்கு இதைக் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

5. பானையில் நின்றது

பலர் இதைச் சாக்கடையில் கொட்டுகிறார்கள். எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஆக்ஸிஜனால் வரும் கெடுதலைத் தடுக்கும் பொருள்களை ஆன்டிஆக்ஸிடன்ட் என்பார்கள். ஆவியோடு போய்விடும் தைமாலும் அந்த வகைதான். ஆனால் அதே வகையில், பாலிஃபீனால்கள் எனப்படும் ஆவியாகாத தாவரப் பொருள்கள் தண்ணீரில் கரைந்து பானையிலேயே தங்கிவிடும். பழுப்பாய், லேசாய்க் கசக்கும் அந்த நீர்தான் குடிநீர். வடிகட்டி, அன்றைய ரசத்தில் புளித்தண்ணீரோடு ஒரு கரண்டி சேர்த்துவிடுங்கள்.

இதே பானையில் சீரகம், கிராம்பு, பட்டை மூன்றையும் வடிக்கலாம். மிளகை வடித்தால் வாசனை வரும், காரம் வராது. காரம் தரும் பைபரின் ஆவியாக எழுவதில்லை. மஞ்சளின் நிறம் தரும் குர்குமினும் அப்படித்தான், தண்ணீரிலும் அது சரியாகக் கரையாது. அதற்கு எண்ணெயும் தாளிப்புக் கரண்டியும்தான் வேண்டும்.