ஒரே ஒரு மேப்பிள் இலை: ஜப்பானிய மரப்பலகை அச்சில் முதல் முயற்சி

ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் எடோ (இன்றைய டோக்கியோ) நூறு காட்சிகள் வரிசையில் 1857-இல் வந்த ஒரு மரப்பலகை அச்சுப் படம். மாமா என்ற ஊர், இரண்டு அடிமரங்களுக்கு நடுவே மேப்பிள் இலைகள் நம் முகத்தில் உரசுகிற மாதிரி தொங்கும், கோயிலும் பாலமும் எங்கோ தூரத்தில் இருக்கும். அதைப் பார்த்த வேகத்தில் உளியைத் தூக்காதீர்கள். வரைய ஒருவர், செதுக்க ஒருவர், அச்சிட ஒருவர் என்று செய்த வேலை அது. நமக்கு ஓர் இலை போதும்.

மெல்லிய தாளில் இலையை வரைந்து பலகையில் கவிழ்த்து ஒட்டுங்கள். அந்தக் காலத்தில் செர்ரி மரம், நமக்கு மிருதுவான ப்ளைவுட் போதும். கோடுகளை விட்டுவிட்டு மற்றதைச் செதுக்கி எடுக்க வேண்டும். கீழே வலது மூலையில் இடவலமாகத் திருப்பிய 'ட' போல ஒரு பள்ளம், அதற்கு இடப்பக்கம் தள்ளி நேர்கோடாக இன்னொன்று. இவைதான் கென்டோ, தாளை ஒவ்வொரு முறையும் இங்கே பொருத்தித்தான் வைக்க வேண்டும். கென்டோவும் சேர்த்து ஒரு பிரதி எடுத்து, அதை இரண்டாவது பலகையில் கவிழ்த்து ஒட்டிச் செதுக்கினால் நிறப் பலகை தயார்.

தாளை முந்தின நாள் இரவே ஈரப்படுத்தி பிளாஸ்டிக் பைக்குள் வைத்துவிடுங்கள். வாஷி என்ற ஜப்பானியத் தாள் என்றால் நல்லது, நார் நீளம் என்பதால் ஈரத்திலும் கிழியாது. நான் சோம்பல்பட்டுக் காய்ந்த தாளிலேயே போட்டேன், சிவப்பு முழுக்க எள் தூவின மாதிரி புள்ளி புள்ளியாக வந்தது. ஜப்பானியர்களும் அதை 'கோமா', அதாவது எள், என்றுதான் சொல்கிறார்கள்!

முதலில் கருப்புக் கோடு. அப்புறம் நிறப் பலகையில் நீர்வண்ணமும் துளி அரிசிக் கஞ்சியும் விட்டு, ஷூ பாலிஷ் பிரஷ்ஷால் பரப்பி மஞ்சள் அச்சிடுங்கள். தாளின் முதுகை பாரென் என்ற வட்டத் தேய்ப்பானால் அழுத்தித் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் மரக்கரண்டியின் பின்பக்கம்.

இனிதான் பொகாஷி, அதாவது நிறத்தைப் படிப்படியாக மங்கவிடுவது. பலகையைக் கழுவி, ஈரத்துணியால் ஒற்றி, பிரஷ்ஷின் ஒரு ஓரத்தில் மட்டும் சிவப்பைத் தொட்டு, அந்த ஓரம் எப்போதும் இலை நுனிப் பக்கமே இருக்கும்படி பிடித்து, குறுக்கே ஏழெட்டு முறை இழுங்கள். நுனியில் அடர்ந்த சிவப்பு காம்பை நெருங்க நெருங்கக் கரைந்து, மஞ்சள் மட்டும் மிஞ்சும். பலகையில் தண்ணீர் மினுமினுத்தால் ஈரம் அதிகம், மறுபடி ஒற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

முதல் இரண்டு மூன்று தாள் வெளுத்துத்தான் வரும், மரம் வண்ணத்தைக் குடிக்கும். நான்காவதைப் பாருங்கள்.