மூன்று கேமராவில் டிஜே லைவ்: சத்தத்திலிருந்து தொடங்குங்கள்

மூன்று கேமரா வைத்து நான் முதன்முதலாக லைவ் போன இரவு, பார்த்தவர்களுக்குத் தெளிவாகக் கேட்டது எங்கள் வீட்டு மேசை விசிறிதான். கோலாலம்பூர் செந்தூலில் எட்டாவது மாடி பிளாட், தீபாவளிக்கு முந்தின வாரம். மாமா மகன் பழைய கைப்பேசிகளைக் கட்டி நிறுத்தியிருந்தான். கலர் லைட் எல்லாம் ஜோராக எரிந்தது. பத்து நிமிடத்தில் கிள்ளானிலிருந்து அத்தை வாட்ஸ்அப் அனுப்பினார்: "ஏம்பா, பாட்டு பக்கத்து வீட்டுல ஓடுற மாதிரி கேக்குதே?" பாட்டு எங்கள் ஸ்பீக்கரில்தான் ஓடியது. அதைப் பிடித்து லைவில் அனுப்பியது வெப்கேமுக்குள் இருந்த குட்டி மைக்.

ஆகவே இந்த விளக்கத்தில் கேமரா மூன்றாவது படியில்தான் வருகிறது. படம் கொஞ்சம் மங்கினால் ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள். சத்தம் கரகரத்தால் உடனே கிளம்பிவிடுவார்கள். 2010இல் லண்டனில் பாய்லர் ரூம் தொடங்கியபோது, சுவரில் டேப் போட்டு ஒட்டிய ஒரே ஒரு வெப்கேம்தான் இருந்தது. உலகமே பார்க்கும் டிஜே மேடையாக அது வளர்ந்தது கேமராவின் எண்ணிக்கையால் இல்லை.

முதல் படி: சத்தத்தை வயரில் எடுங்கள்

டிஜே கண்ட்ரோலரின், அதாவது லேப்டாப்பில் ஓடும் பாட்டைக் கையால் மிக்ஸ் செய்யும் பெட்டியின், பின்பக்கம் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ துளைகள் இருக்கும். மாஸ்டர் அவுட் என்று எழுதியிருக்கும். பெரிய மிக்ஸர் என்றால் ரெக் அவுட் (பதிவுக்கு), பூத் அவுட் (டிஜே பக்கத்து ஸ்பீக்கருக்கு) என்று தனித்தனியாக வரும். ரெக் அவுட் இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் குமிழை எவ்வளவு திருகினாலும் பொதுவாக அதன் அளவு மாறாது. மாஸ்டரிலிருந்து எடுத்தீர்கள் என்றால், பக்கத்து வீட்டு அங்கிள் கதவைத் தட்டியதும் நீங்கள் குமிழைக் குறைப்பீர்கள், லைவிலும் சத்தம் இறங்கிவிடும். மாஸ்டர் மட்டும்தான் இருக்கிறதா? குமிழை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ஸ்பீக்கரில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வயரை லேப்டாப்பின் மைக் துளையில் செருக வேண்டாம். அந்தத் துளை மைக்கின் பலவீனமான சிக்னலுக்காகச் செய்தது, பெரும்பாலும் மோனோ. மிக்ஸரின் சிக்னல் அதைவிடப் பல மடங்கு பெரியது, அதனால் பாட்டு கிழிந்த துணி மாதிரி கேட்கும். நடுவில் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும், மிக்ஸரின் சத்தத்தை யூஎஸ்பி வழியாக லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் பெட்டி அது. பெஹ்ரிங்கர் யூசிஏ202 போல ஆர்சிஏ துளை உள்ள சின்னப் பெட்டியே போதும். கேப்சர் கார்டு (கேமராவின் எச்டிஎம்ஐ படத்தை லேப்டாப்புக்குள் எடுக்கும் கருவி), வெப்கேம் மாதிரி சாமான்களுக்கு புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசா இருக்கிறது. வயர், பிளக், கனெக்டர் வாங்க நான் புடு ஜாலான் பாசாருக்குத்தான் போவேன். என்ன வேலைக்கு என்று சொன்னால் சரியான முனையைத் தேடி எடுத்துக் கொடுப்பார்கள்.

பாட்டு வாசிக்கும் லேப்டாப்பிலேயே லைவையும் ஓட்டலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். ஓட்டலாம், ஆனால் வேறொரு பழைய லேப்டாப் கிடைத்தால் லைவை அதற்குத் தள்ளிவிடுங்கள். விண்டோஸில் டிஜே மென்பொருள், வழக்கமான ஒலிப் பாதையைத் தாண்டிப் போகும் ஏஎஸ்ஐஓ டிரைவர் வழியாகப் பாட்டை நேராகக் கண்ட்ரோலருக்கு அனுப்பும்போது, லைவ் மென்பொருளின் டெஸ்க்டாப் ஆடியோவில் ஒன்றுமே வராது. மீட்டர் அசையாமல் கிடக்கும், நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

இரண்டாம் படி: ஓபிஎஸ்ஸில் சத்தத்தின் இடம்

கேமராக்களையும் சத்தத்தையும் சேர்த்து லைவுக்கு அனுப்பும் மென்பொருள் ஓபிஎஸ் ஸ்டுடியோ, இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நிறுவியதும் செட்டிங்ஸில் ஆடியோ பக்கத்துக்குப் போங்கள். சாம்பிள் ரேட்டை (விநாடிக்கு எத்தனை முறை சத்தத்தை அளப்பது என்ற எண்) 48 கிலோஹெர்ட்ஸ் வைத்து, விண்டோஸ் ஒலி அமைப்பில் உங்கள் இன்டர்ஃபேஸுக்கும் அதே எண்ணைக் கொடுங்கள். ஒன்று 44.1, இன்னொன்று 48 என்று இருந்தால் சில கருவிகளில் சத்தம் வெடிக்கும், இல்லையென்றால் நேரம் போகப் போகப் படத்தை விட்டு விலகும்.

அதே பக்கத்தில் மைக் என்ற வரிசையில் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுங்கள். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். திரையில் ஒரு நேரம் தெரியும் அமைப்புக்கு ஓபிஎஸ்ஸில் சீன் என்று பெயர். சத்தத்தை ஒரு சீனுக்குள் மட்டும் சேர்த்துவிட்டு அடுத்த கேமராவின் சீனுக்கு மாறினால், பாட்டு சட்டென்று நின்றுவிடும். செட்டிங்ஸில் வைத்தால் எல்லா சீனிலும் தொடர்ந்து ஓடும்.

மீட்டரில் மைனஸ் 20 வரை பச்சை, மைனஸ் 9 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. அந்த நிறங்கள் பேச்சுக்குப் பொருந்தும். நமக்கு, பாட்டின் உச்சம் மைனஸ் 6 டெசிபல் பக்கத்தில் நின்றால் சரி. உருமி மேளத்தை மிக்ஸ் செய்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் கீழே வையுங்கள். அந்தத் தோலின் அடி எப்போது எகிறும் என்று மீட்டருக்குத் தெரியாது. சுழியைத் தொட்டுவிட்டால் அங்கே சத்தம் உடைந்துவிட்டது என்று பொருள், பிறகு எதை வைத்தும் ஒட்ட முடியாது.

மூன்றாம் படி: கேமராக்கள்

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், தலைக்கு மேலிருந்து கைகளைக் காட்டும் கேமராவை வையுங்கள். டிஜே பார்க்க வருகிறவன் கைகளைப் பார்க்கத்தான் வருகிறான். இரண்டாவது முன்பக்கம், முகத்துக்கு. மூன்றாவது பக்கவாட்டில் தூரமாக, அறையும் விளக்கும் ஆளும் சேர்ந்து தெரிய. நான்காவது கேமரா ஆசை எல்லாருக்கும் வரும். முதல் மூன்று மாதம் அதை அடக்கி வையுங்கள்.

மேல் கேமராவுக்குத் தனியாக ஸ்டாண்ட் வாங்க வேண்டாம். கை நீளும் மைக் ஸ்டாண்டில் கைப்பேசிப் பிடியை மாட்டி, அடியில் 5 கிலோ அரிசிப் பையைச் சாய்த்து வையுங்கள். கைப்பேசியை ஒரு கயிற்றாலும் கட்டுங்கள். மேலிருந்து ஜாக் வீல் (கண்ட்ரோலரின் சுழல் தட்டு) மேல் விழுந்தால் இரண்டும் போகும்.

கைப்பேசியைக் கேமராவாக மாற்ற டிராய்ட்கேம், ஐரியுன், கேமோ போன்ற ஆப்கள் இருக்கின்றன. ஆண்ட்ராய்ட் 14 முதல் சில கைப்பேசிகள் ஆப் இல்லாமலே யூஎஸ்பி வெப்கேமாக வேலை செய்கின்றன. எதுவானாலும் வயரில் இணையுங்கள். வைஃபையில் படத்தின் தாமதம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், அப்புறம் ஐந்தாம் படியில் நீங்கள் செய்யும் கணக்கெல்லாம் வீண். உறையைக் கழற்றிவிடுங்கள். இந்த ஊர் வெக்கையில் ஒரு மணி நேரம் படம் பிடித்தால் கைப்பேசி சூடேறித் தானாகவே நின்றுவிடும்.

மூன்று கேமராவையும் ஒரே யூஎஸ்பி ஹப்பில் திணிப்பது இன்னொரு பொறி. கணக்குப் பாருங்கள்: சுருக்கப்படாத 1080பி படம், விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஏறக்குறைய 1,000 மெகாபிட். யூஎஸ்பி 2.0இன் உச்ச வேகமே 480. ஒரு கேமராவே அதில் போகாது. எனவே ஓபிஎஸ்ஸில் கேமராவின் வடிவத்தை எம்ஜேபெக் (சுருக்கிய படம்) என்று மாற்றி, ஒவ்வொன்றையும் லேப்டாப்பின் தனித்தனித் துளையில் செருகுங்கள். டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் கேப்சர் கார்டு வாங்கும் முன் ஒன்றைச் சோதியுங்கள்: எச்டிஎம்ஐ வழியே வரும் படத்தில் பேட்டரி குறி, ஃபோகஸ் சதுரம் எல்லாம் மறைகிறதா? மறையாவிட்டால் அவையும் லைவில் வரும்.

அப்புறம் வெளிச்சம். மலேசியாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கு அமைத்த கேமராவுக்குத் தெரியும், படத்தில் கறுப்புப் பட்டைகள் மிதக்கும். வெப்கேம் அமைப்பில் பவர் ஃப்ரீக்வென்சி 50 என்று மாற்றுங்கள். ஷட்டரைக் கையால் வைக்க முடிந்தால் 1/50 அல்லது 1/100. எக்ஸ்போஷர், ஃபோகஸ், வெள்ளை நிறச் சமன் மூன்றையும் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் கலர் லைட் மாறும் ஒவ்வொரு முறையும் கேமரா திகைத்துப்போய்த் தேடிக்கொண்டிருக்கும்.

நான்காம் படி: சீன்கள்

ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு சீன். கூடவே மூன்றையும் கட்டம் கட்டமாகக் காட்டும் ஒரு சீன், தொடக்கத்துக்கு ஒரு அட்டை, முடிவுக்கு ஒரு அட்டை. ஒரே கேமராவை இரண்டாவது சீனில் சேர்க்கும்போது புதிதாக உருவாக்காமல், ஏற்கெனவே உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். புதிதாகச் சேர்த்தால் கேமரா ஏற்கெனவே வேலையாக இருக்கும், திரை கறுப்பாக நிற்கும். வெப்கேம், கைப்பேசி மைக்குகளை ஒன்று விடாமல் மியூட் செய்யுங்கள். என் விசிறிக் கதை இந்த ஓர் அழுத்தலில் முடிந்திருக்கும்.

ஹாட்கீயில், அதாவது கீபோர்டின் குறுக்குவழிப் பொத்தான்களில், 1, 2, 3 என்று சீன்களைக் கட்டுங்கள். மாற்றத்துக்கு வெறும் கட் போதும். சுழன்று பறக்கும் மாற்றங்கள் கல்யாண வீடியோவுக்கு இருக்கட்டும். யார் அழுத்துவது? நீங்கள் இல்லை. ஒரு கை கிராஸ்ஃபேடரில் (இரண்டு பாட்டைக் கலக்கும் நகர்த்தி), ஒரு கை ஹெட்போனில் இருக்கும்போது கேமராவையும் மாற்றினால் மூன்றும் கெடும். தம்பி, தங்கச்சி யாரையாவது உட்கார வையுங்கள். 128 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 128 அடி) எட்டு பார் (நான்கு அடி ஒரு பார்) ஓட சரியாக 15 விநாடி ஆகும். அதன் முதல் அடியில் மாற்றச் சொன்னால் சின்னப் பிள்ளைகூட அழகாக மாற்றும். ஆளே கிடைக்காவிட்டால் அட்வான்ஸ்டு சீன் ஸ்விட்சர் என்ற இலவச பிளகினில் நேரக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: சத்தத்தையும் படத்தையும் சேர்ப்பது

சத்தம் வயரில் ஓடி வந்துவிடும். படம் ஆடி அசைந்து வரும், அதுவும் ஒவ்வொரு கேமராவும் ஒரு வேகத்தில். மிக்ஸரில் மைக்கைச் செருகி, மூன்று கேமராவும் தெரியும் கட்ட சீனைப் போட்டு, மைக் முன்னால் ஓங்கிக் கைதட்டுங்கள். பதிவு செய்து, எடிட்டிங் ஆப்பில் ஒலி அலை குத்தென்று எழும் இடத்தையும் கைகள் சேரும் ஃபிரேமையும் ஒப்பிடுங்கள். 30 ஃபிரேம் வேகத்தில் ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 33 மில்லிவிநாடி.

வெப்கேம் 3 ஃபிரேம் பிந்துகிறது, கைப்பேசி 6 ஃபிரேம் பிந்துகிறது என்று வையுங்கள். எப்போதும் கடைசியில் வருபவனுக்காக மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். வெப்கேமின் ஃபில்டரில் வீடியோ டிலே சேர்த்து 100 மில்லிவிநாடி கொடுங்கள். அட்வான்ஸ்டு ஆடியோ பிராப்பர்ட்டீஸில் இன்டர்ஃபேஸுக்கு சிங்க் ஆஃப்செட் 200. மீண்டும் கைதட்டிப் பாருங்கள். விளக்கை மங்கலாக்கினால் சில கேமராக்கள் ஃபிரேம் வேகத்தைத் தாங்களே குறைத்துத் தாமதத்தைக் கூட்டும், அதனால் லைவ் நாளில் எந்த விளக்கோ அதிலேயே சோதனை.

ஆறாம் படி: இணையமும் இடியும்

அப்லோட் வேகத்தைச் சோதியுங்கள், டவுன்லோட் எண் இங்கே உதவாது. 1080பி, 30 ஃபிரேமுக்குப் பிட்ரேட், அதாவது விநாடிக்கு அனுப்பும் அளவு, 4,500 முதல் 6,000 கேபிபிஎஸ் வரை போதும், 720பிக்கு 3,000. கையில் அதைப் போல் இரண்டு மடங்கு அப்லோட் இருக்கட்டும். ஓபிஎஸ்ஸின் அவுட்புட் அமைப்பில் சிபிஆர் (மாறாத பிட்ரேட்), கீஃப்ரேம் (முழுப் படம் அனுப்பும் இடைவெளி) 2 விநாடி, ஆடியோ 160 கேபிபிஎஸ் அல்லது அதற்கு மேல். படத்தைச் சுருக்கும் என்கோடரில் என்வென்க் அல்லது குவிக்சிங்க் (கிராஃபிக்ஸ் சிப் செய்யும் வகை) தெரிந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், ப்ராசஸர் மூச்சு வாங்காது. லேன் வயர் கட்டாயம். கைப்பேசி டேட்டாவில் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 6,000 கேபிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம் 2.7 ஜிபி.

கோலாலம்பூரில் சாயங்கால இடிமழையைக் கணக்கில் எடுக்காமல் லைவ் திட்டம் போடாதீர்கள். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, மோடமுக்கும் ரவுட்டருக்கும் இல்லை. சின்ன யூபிஎஸ் ஒன்றை அந்த இரண்டுக்கும் வையுங்கள். லைவ் ஓடும்போதே ஓபிஎஸ்ஸில் பதிவும் செய்யுங்கள், எம்கேவி வடிவத்தில். சாதாரண எம்பி4 என்றால் பாதியில் கரண்ட் போனதும் கோப்பு முழுவதும் திறக்காமல் போகலாம்.

ஏழாம் படி: எங்கே போடுவது

யூடியூப்பில் முதன்முதலாக லைவை இயக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். சனிக்கிழமை செட்டுக்கு வியாழக்கிழமையே அழுத்தி வையுங்கள். சினிமாப் பாட்டு போட்டால் உரிமைப் பிரச்சினை வரும், அதில் சந்தேகம் வேண்டாம். யூடியூப் லைவையே நிறுத்தலாம், ஃபேஸ்புக் சத்தத்தை அணைக்கலாம். மிக்ஸ்கிளவுட் டிஜே செட்டுகளுக்கென்றே உரிமம் பெற்ற தளம், 2020இல் நேரலையும் தொடங்கியது. ட்விச் 2024இல் டிஜேக்களுக்குத் தனித் திட்டம் கொண்டுவந்தது, வருமானத்தில் ஒரு பங்கு இசை நிறுவனங்களுக்குப் போகும். எல்லா லேபிளும் அதில் இல்லை, பிறகு பார்க்கும் வீடியோக்களுக்கு அது பொருந்தாது. நான் உள்ளூர்ப் பாடகர்களிடம் நேரடியாகச் செய்தி அனுப்பிக் கேட்டுவிடுவேன். பெரும்பாலும் "போடுங்கண்ணே" என்றுதான் பதில் வரும்.

எட்டாம் படி: ஒத்திகை, அப்புறம் லைவ்

அன்லிஸ்டடாக, லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கும்படி, இருபது நிமிடம் ஓட்டுங்கள். வேறொரு கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். இரண்டு காதிலும் வருகிறதா, சீன் மாறும்போது பாட்டு நிற்கிறதா, ஓபிஎஸ்ஸின் கீழே விடுபட்ட ஃபிரேம் எண் ஏறுகிறதா என்று பாருங்கள். எண் ஏறினால் பிட்ரேட்டைக் குறையுங்கள்.

முடிக்கும்போது முடிவு அட்டைக்கு மாறி, சத்தத்தை மெல்ல இறக்கி, பத்து விநாடி விட்டு ஸ்டாப் ஸ்ட்ரீமிங் அழுத்துங்கள். பதிவை நிறுத்துவது வேறு பொத்தான். நான் ஒரு முறை பதிவை மட்டும் நிறுத்திவிட்டு, லைவை நிறுத்த மறந்தேன். மிக்ஸர் மைக்கும் திறந்தே இருந்தது. அம்மா அறைக்குள் வந்து, "சோறு ஆறுது, இந்த வயரையெல்லாம் எப்ப சுருட்டுவ?" என்று கேட்டது, நான் அழுத்தியது தப்பான பொத்தான் என்பதால், லைவில் தெளிவாகப் போனது. துளிகூடக் கரகரப்பு இல்லை. சாட்டில் ஒருவர், "என்ன குழம்பு?" என்று கேட்டிருந்தார்.