‘நாங்களும் இப்படித்தான் வளர்ந்தோம்’ என்ற கணக்கு குழந்தைக்குப் பொருந்தாது

சுற்றுச்சூழல் கெடுவதால் குழந்தைகளுக்கு வரும் பாதிப்பு என்றதும் நம் நினைப்பு தொழிற்சாலைப் புகைக்கும் ஆற்றில் கலக்கும் கழிவுக்கும் போய்விடுகிறது. அவை பெரிய ஆபத்துகள்தான், சந்தேகமில்லை. ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை நாளின் பெரும்பகுதி இருப்பது வீட்டுக்குள், அதுவும் தரையில். அங்கே நாம் செய்யும் தவறுகள் பலவற்றுக்கும் அடியில் ஒரே நினைப்புதான் இருக்கிறது: நமக்கு ஒன்றும் செய்யாதது குழந்தைக்கும் ஒன்றும் செய்யாது.

அது உடற்கூறுப்படியே தவறு. பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை மூச்சு விடுகிறது. பெரியவர்கள் 12 முதல் 20 தடவை. எடைக்கு எடை பார்த்தால் குழந்தை குடிக்கும் நீரும் நம்மைவிட அதிகம். தவழும் வயதில் கை பாதி நேரம் வாயில்தான். மூளை, நுரையீரல், பல் எல்லாம் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அந்த நேரத்தில் ஏற்படும் கோளாறு பல சமயம் பிறகு சரியாவதில்லை.

முதலில் காரீயம், ஆங்கிலத்தில் லெட். நம் வீடுகளில் பேச்சே எழாத விஷம் இது. பொங்கலுக்கு முன்பு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது ஜன்னல் கம்பி, கதவு, கிரில் எல்லாவற்றையும் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது எனாமல் அடிப்பார்கள். பழைய பெயின்ட் மாவுபோல் உதிர்ந்து ஜன்னல் திண்டிலும் தரையிலும் படியும். சாயங்காலம் துடைப்பத்தால் பெருக்கிவிட்டு, ‘சுத்தமாயிடுச்சு’ என்று குழந்தையை இறக்கிவிடுகிறோம். காய்ந்த தூசியைப் பெருக்கினால் அது போவதில்லை; மேலே எழும்பி ராத்திரி பூராவும் மெதுவாகத் திரும்பத் தரையில் இறங்குகிறது. காலையில் அதன்மேல்தான் குழந்தை தவழ்கிறது, பொம்மையை உருட்டுகிறது, அதே கையை வாயில் வைக்கிறது.

இந்தியாவில் வீட்டு பெயின்ட்டில் காரீயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறையானது. அதற்கு முன் அடித்த எனாமல்களில், குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில், காரீயம் பல மடங்கு இருந்திருக்கலாம். உங்கள் கதவில் அந்தப் பழைய பூச்சு அடியில் இருக்கலாம். அது உதிராமல் உறுதியாக இருந்தால் சுரண்டவே வேண்டாம், மேலேயே அடிக்கலாம். சுரண்டித்தான் ஆக வேண்டும் என்றால் தண்ணீர் தெளித்து ஈரமாக்கித் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை முடியும்வரை குழந்தையும் கர்ப்பிணியும் வேறு வீட்டில் இருக்கட்டும். அப்புறம் ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து, அந்தத் துணியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். ஒரு நாள் அலைச்சல், அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. உலக சுகாதார நிறுவனமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. விழுங்கிய காரீயத்தில் பெரியவர்களைவிடக் குழந்தைகள் 4, 5 மடங்கு அதிகமாக உடலில் ஏற்றுக்கொள்கிறார்கள். பெரும்பாலும் காய்ச்சல், வாந்தி என்று எதுவும் காட்டாது. கவனம் சிதறும், படிப்பு ஏறாது. ‘சேட்டை’ என்று நாம் கண்டித்துக்கொண்டிருப்போம். யுனிசெஃப் 2020-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு ரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கிறது. இரும்புச்சத்து குறைந்த குழந்தையின் குடல் காரீயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். நம் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கும் நிலையில், கீரையும் முட்டையும் இரும்புச்சத்து மருந்தும் காரீயத்துக்கு எதிரான தடுப்பும்கூட.

சமையலறையிலும் காரீயம் உண்டு. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தில், அதாவது டின் உலோகத்தில், செய்திருக்க வேண்டும். மலிவு என்பதால் காரீயம் கலந்ததும் விற்பனைக்கு வருகிறது. புளித்த சூடான ரசத்தில் அது கரைந்து இறங்கும். எதில் செய்தது என்று கடைக்காரரால் பில்லில் எழுதித் தர முடியாவிட்டால் எவர்சில்வரே போதும். மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் வர காரீய குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைப் பூசும் மோசடியும் நடக்கிறது. வங்கதேசத்தில் 2019-ல் சோதித்த மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் கண்டுபிடிக்கப்பட்டது; அரசு சந்தைகளில் இறங்கிச் சோதித்து அபராதம் போட்டதும் 2021-ல் ஒரு மாதிரியில்கூட இல்லை. மனது வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? நம் பக்கம் ஈரோடு மஞ்சள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மெருகேற்றாத, மங்கலான விரலி மஞ்சளாக வாங்கிக் காயவைத்து, மெஷினில் அரைத்துக்கொள்ளலாம். குழந்தையின் கண்ணுக்குள் கடைக் கண்மை தீட்டுவதையும் இந்தக் கணக்கில் சேர்த்து விட்டுவிடுங்கள். அப்பா பேட்டரிக் கடையிலோ பெயின்டிங் வேலையிலோ இருக்கிறார் என்றால், வந்ததும் வேலைச்சட்டையோடு குழந்தையைத் தூக்கக்கூடாது. குளித்து மாற்றிக்கொண்டு தூக்கட்டும். அந்தத் துணியைத் தனியாகத் துவைக்கட்டும்.

அடுத்தது புகை. குழந்தையைக் குளிப்பாட்டித் தலையை சாம்பிராணிப் புகையில் காட்டுவது பாட்டி காலத்துப் பழக்கம். அந்தப் பாசத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தலைமுடியை உலர்த்தும் புகை மூக்கு வழியாகவும்தான் போகிறது. இழுப்பும் சளியும் உள்ள குழந்தைக்கு அது நேரடியாகக் கெடுதல். துண்டால் துவட்டி வெயில் படும் இடத்தில் சற்று நேரம் வைத்திருந்தாலே முடி காய்ந்துவிடும். பாட்டியிடம் சண்டை போட வேண்டியதில்லை. டாக்டர் சொன்னார் என்றால் பெரும்பாலும் எடுபடும்.

கொசுவத்தி அதைவிட மோசம், ஏனென்றால் அது ராத்திரி முழுக்க எரிகிறது, அதுவும் கதவடைத்த அறையில். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவத்திகளைச் சோதித்து 2003-ல் வெளியான ஆய்வில், ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று கண்டார்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் சிகரெட் பிடிப்பவரைத் திண்ணைக்கு அனுப்பும் நாம் இதை மட்டும் கட்டிலுக்கு அடியில் வைக்கிறோம். கொசுவலைக்கு ஈடு எதுவுமில்லை. டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது என்பதால் பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும்.

சளி பிடித்தால் தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவுவது இன்னொரு பழக்கம். கைக்குழந்தைக்கு இதைச் செய்யவே கூடாது. கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய் வலிப்பை உண்டாக்கலாம். சாமி அலமாரியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மூத்த பிள்ளையின் துணிகளை அந்துருண்டை போட்டு பீரோவில் வைத்திருந்து அப்படியே தம்பிக்கோ தங்கைக்கோ போடுவதும் தவறு. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் ரத்த அணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும். யாருக்கு அந்தக் குறை இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. எனவே துணியை நன்றாகத் துவைத்து வெயிலில் காயப்போட்ட பிறகே போட வேண்டும்.

‘தண்ணியைக் கொதிக்கவெச்சுத்தான் குடுக்கறோம்’ என்ற நிம்மதி பாதிதான் சரி. கொதித்தால் கிருமி சாகும். ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் போகாது. நீர் ஆவியாகக் குறைந்து அவை செறிவாகத்தான் ஆகும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அங்கே குடிக்கக் காவிரித் தண்ணீர், சமைக்க போர் தண்ணீர் என்று பிரித்துவைக்கும் வீடுகள் உண்டு. சோற்றோடும் பருப்போடும் அதே ஃப்ளோரைடு குழந்தைக்குப் போய்ச் சேரும். பல் உருவாகும் முதல் எட்டு வயதுக்குள் படியும் கறை தேய்த்தாலும் போகாது. உரம் அதிகம் போடும் வயல்களுக்கு நடுவில் கிணறு இருந்தால், கைக்குழந்தையின் பால்பவுடரை அந்தத் தண்ணீரில் கரைக்காதீர்கள். நைட்ரேட் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுவதைத் தடுத்து உடம்பு நீலம் பாயும். கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

கடைசியாக, விழுங்கிவிட்ட குழந்தையிடம் நாம் செய்யும் தவறு. மண்ணெண்ணெய், தின்னர், கழிவறை ஆசிட் போன்றவற்றைக் காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைப்பதில்தான் இது தொடங்குகிறது. கொசு விரட்டும் திரவ பாட்டிலில் இருப்பதும் பெரும்பாலும் மணம் நீக்கிய மண்ணெண்ணெய் வகைதான். குழந்தை குடித்துவிட்டால் பதறிப்போய் உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ கொடுத்து, தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்கிறார்கள். இதுதான் உயிரை எடுக்கும் தவறு. மண்ணெண்ணெய் வயிற்றில் செய்யும் கெடுதலைவிட, வாந்தியின்போது நுரையீரலுக்குள் நுழைந்து செய்யும் கெடுதல் பெரிது. ஆசிட் என்றால் போன வழியெல்லாம் இரண்டாம் தடவை வெந்துபோகும். பால், எண்ணெய், எலுமிச்சை எதுவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸ் நடத்தும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117, எந்நேரமும் கேட்கலாம். குடித்த பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

எலி பேஸ்ட், கோவை, திருப்பூர் பக்கம் சாணத்துக்குப் பதிலாக வாசல் தெளிக்க வாங்கும் நச்சுச் சாயமான சாணிப்பவுடர் இரண்டும் வீட்டுக்குள் வரவே வேண்டாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டை வாயில் வைத்த குழந்தை முதல் நாள் லேசாக வாந்தி எடுத்துவிட்டு, மறுநாள் சாதாரணமாக விளையாடும். ‘சரியாயிடுச்சு’ என்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுகிறார்கள். ஈரல் கெடுவது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அதனால் குழந்தை எவ்வளவு தெம்பாக இருந்தாலும், மருத்துவர் போகச் சொல்லும்வரை மருத்துவமனையிலேயே இருந்து, ஈரல் பரிசோதனையைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும்.